அரசு வேலை தனியார் கைக்குப் போனால் யாரிடம் கேட்பது? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் மாலை நேரங்களில் மனு எழுதிக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். முன்பெல்லாம் பட்டா மாற்றம், முதியோர் ஓய்வூதியம், ரேஷன் அட்டை என்று வருவார்கள். மனுவை யார் பெயருக்கு எழுதுவது என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. இப்போது வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பதே "சார், இது அரசாங்கமா, தனியாரா?" என்பதுதான். குளச்சலிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் தோவாளையிலிருந்தும் வருகிறவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தனியார்மயம்னா அரசு கம்பெனியை விக்கிறதுதானே? ஆஸ்பத்திரி வாசல்ல செக்யூரிட்டி போடுறதையும் ஏன் அதுல சேர்க்கிறீங்க?

விற்பது ஒரு வகை மட்டுமே. சொத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டு, நடத்தும் உரிமையை நீண்ட காலத்துக்கு விட்டுக்கொடுப்பது இன்னொரு வகை. நம் மாவட்டத்தார் வளைகுடாவுக்குப் போய்வரும் திருவனந்தபுரம் விமான நிலையம் 2021 அக்டோபர் 14 முதல் 50 ஆண்டுக் குத்தகையில் அதானி குழுமத்திடம் இருப்பது இந்த வகை. மூன்றாவது வகையில் அலுவலகம் அரசுடையதாகவே இருக்கும். உள்ளே நடக்கும் வேலை மட்டும் ஒப்பந்தத்துக்கு விடப்படும். அரசுப் பணத்தில் தனியார் அமைப்பு 2008 முதல் இயக்கிவரும் 108 ஆம்புலன்ஸ், சுங்கச்சாவடி வசூல், மாநகராட்சித் துப்புரவு, அலுவலக வாசற்காவல் எல்லாம் இதில் அடங்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவது வகையைப் பற்றித்தான். விற்பனை நடந்தால் பெயர்ப்பலகை மாறும், சட்டமன்றத்தில் பேசுவார்கள், போராட்டம் நடக்கும். ஒப்பந்தத்துக்கு விடும்போது பலகை அப்படியே இருக்கிறது. உள்ளே நம்மிடம் பேசுகிற ஆள் மட்டும் மாறிவிடுகிறார். ஏதாவது தவறு நடக்கும் நாள்வரை அந்த மாற்றம் நம் கண்ணில் படுவதில்லை.

எந்த வேலையைத் தனியாருக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?

அரசியலமைப்பில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. கோடு எங்கே போடலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையம். அங்கே ஏ, பி, சி என மூன்று வரிசைக் கவுண்டர்கள் உண்டு. ஏ கவுண்டரில் புகைப்படம் எடுத்து, விரல் ரேகை பதிந்து, ஆவணங்களை ஸ்கேன் செய்பவர்கள் டி.சி.எஸ். என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள். பி கவுண்டரில் ஆவணங்களைச் சரிபார்ப்பவரும், சி கவுண்டரில் வழங்கலாமா கூடாதா என்று முடிவு செய்பவரும் அரசு அலுவலர்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பது காவல்துறை. கைவேலை ஒப்பந்தத்தில் போயிருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது.

கோடு தாண்டப்பட்டபோது நீதிமன்றங்கள் தலையிட்ட நிகழ்வுகளும் உண்டு. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்புக் காவல் அலுவலர்களாக நியமித்து, துப்பாக்கி கொடுத்து, மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்தியதை உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 5 அன்று அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறித் தடை செய்தது. இஸ்ரேலில் சிறை ஒன்றைத் தனியார் நிறுவனம் நடத்த வழிசெய்த சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009 நவம்பரில் செல்லாதது என்றது. ஒரு மனிதனைப் பூட்டி வைக்கும் அதிகாரம் லாபத்துக்காக இயங்கும் நிறுவனத்தின் கைக்குப் போவதே அவனது கண்ணியத்தைக் குலைக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஒருவரை அடிக்க, அடைக்க, தண்டிக்க, உரிமையைக் கொடுக்க அல்லது மறுக்க வேண்டிய இடத்தில் அரசின் சொந்த ஆள்தான் நிற்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட் தனியார்கிட்ட போயாச்சே. அப்போ அங்க பாதுகாப்பும் அவங்க கையிலதானா?

இல்லை. பயணிகளைச் சோதிப்பது மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை; 1999 டிசம்பரில் நடந்த காந்தஹார் விமானக் கடத்தலுக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டு முதல் விமான நிலையங்களில் அந்தப் படை நிறுத்தப்பட்டுவருகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது குடியேற்றத் துறை. பெட்டியைத் திறக்கச் சொல்வது சுங்கத் துறை. கட்டடம், கடைகள், தள்ளுவண்டி, கழிவறை, வாகன நிறுத்தம் ஆகியவை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. எனவே தங்கத்துக்கு வரி போட்டதைப் பற்றிய புகாரை நிறுவனத்திடம் கொடுப்பதிலும், கழிவறையைப் பற்றிய புகாரைப் படையினரிடம் சொல்வதிலும் பயன் இல்லை.

வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி என்னைத் தடுக்கலாமா? பையைத் திறந்து பாக்கலாமா? பிடிச்சு உக்கார வைக்கலாமா?

சட்டத்தின் கண்ணில் அவர் உங்களையும் என்னையும் போன்ற தனிமனிதர்தான். சீருடை அவருக்குக் காவலரின் அதிகாரத்தைத் தந்துவிடுவதில்லை. நுழைவு விதியை அமல்படுத்தலாம். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். பையைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். நீங்கள் மறுத்தால் உள்ளே விட மறுக்கலாமே தவிர, பறித்துத் திறக்க முடியாது. சிகிச்சைக்கு வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

பிடித்து வைப்பது பற்றி 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு பேசுகிறது. தன் கண்ணெதிரே, பிணையில் விட இயலாததும் பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைச் செய்தவரையோ, தேடப்படும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவரையோ யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். செல்போன் திருடியதாகச் சந்தேகப்பட்டு, பார்க்காத ஒன்றுக்காக ஒருவரை அறைக்குள் பூட்டி வைத்தால், பூட்டியவர்தான் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவின்கீழ் குற்றவாளியாகிறார்.

அந்த ஆளுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்காங்கன்னு யாராவது பாக்குறாங்களா?

பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ 25,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. காவலரின் வயது 18க்கும் 65க்கும் இடையில் இருக்க வேண்டும். நடத்தை, முன்வரலாறு சரிபார்க்கப்பட வேண்டும். படத்துடன் கூடிய அடையாள அட்டை தர வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் குறைந்தது 20 வேலை நாட்களில் தரச் சொல்கின்றன. ராணுவம், போலீஸ் போன்ற சீருடைகளைப் போட்டுக்கொள்வது தனிக் குற்றம்.

நடைமுறையைப் பற்றி நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனை வாசலில், வார்டில் கிடந்த மகனுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்த ஒரு வயதான அம்மாவிடம், நேரம் முடிந்துவிட்டது, 50 ரூபாய் கொடுத்தால் விடுகிறேன் என்றார் காவலர். சட்டையின் தோளில் ஏஜென்சியின் பட்டை தைத்திருந்தது. அடையாள அட்டை இல்லை. உள்ளே போய்ச் சொன்னபோது "அது எங்க ஸ்டாஃப் இல்லம்மா, ஏஜென்சி ஆளு" என்றார்கள். ஏஜென்சிக்குப் போன் செய்தால் "ஆஸ்பத்திரியில சொல்றதைத்தான் செய்றோம்" என்றார்கள். அந்த அம்மா வாளியைத் தரையில் வைத்துவிட்டு, ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்தக் காவலரிடம் தனியாகப் பேசினேன். வயது அறுபதுக்கு மேல். முன்பு பெட்டிக்கடை வைத்திருந்தவர். பன்னிரண்டு மணி நேர வேலை. என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, தொப்பியும் விசிலும் கொடுத்தார்கள் என்றார். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. அவர் செய்தது தவறுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தீப்பிடித்தால் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று தெரியாத, தூக்கம் இல்லாத, கூலி வராத ஒரு முதியவரை நோயாளிகளின் பாதுகாப்புக்கு நிறுத்தியவர்கள் யார் என்ற கேள்வி அவரைவிடப் பெரியது.

சம்பளம் கொடுக்கலைன்னா அது ஏஜென்சியோட பிரச்சினைதானே? அரசு என்ன செய்யும்?

ஏஜென்சி கொடுக்கத் தவறினால், வேலையை வாங்கிக்கொள்கிற முதன்மை வேலையளிப்பவர், அதாவது அந்த அரசு அலுவலகமே, கூலியைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இப்படித்தான் சொன்னது. பாராளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதே பொறுப்பைத் தொடர்கிறது. ஆகவே "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று அதிகாரி சொல்வது சட்டப்படி சரியில்லை.

அவர் அரசு ஊழியர் இல்லையே. லஞ்சம் கேட்டா லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக முடியுமா?

போகலாம். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 'பொது ஊழியர்' என்ற சொல்லுக்குள், பொதுக் கடமையைச் செய்யும் பொறுப்பில் இருப்பவர்களும் வருகிறார்கள். அரசோ பொதுமக்களோ அக்கறை கொள்ளும் எந்தக் கடமையும் பொதுக் கடமை என்றே அந்தச் சட்டம் விளக்குகிறது. தனியார் வங்கியின் தலைவர்கூட இந்தச் சட்டத்தின்படி பொது ஊழியரே என்று 2016இலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் பொது ஊழியரே என்று 2020இலும் உச்ச நீதிமன்றம் கூறியது. வாசற்காவலர் ஒவ்வொருவரும் அதற்குள் வருவார் என்று நான் உறுதி கூறமாட்டேன். அவர் செய்கிற வேலையின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்வார்கள். ஆனால் 'தனியார் ஆள்' என்ற ஒரே காரணத்துக்காகப் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது.

தகவல் உரிமையில கேட்டா, "இது தனியார் நிறுவனத்தின் தகவல், தர இயலாது"ன்னு பதில் வருது. அதோட முடிஞ்சுதா?

முடியவில்லை. எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு கதவுகள் உள்ளன. நிறுவனமே அரசுக்குச் சொந்தமானதாகவோ, அரசின் கட்டுப்பாட்டில் உள்ளதாகவோ, கணிசமாக அரசு நிதி பெறுவதாகவோ இருந்தால் அது 'பொது அதிகார அமைப்பு'. நேரடியாக அதனிடமே கேட்கலாம். விவேகானந்தர் பாறைக்குப் படகு விடும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் தமிழக அரசு நிறுவனம் என்பதால் அதற்கு இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. சாதாரண ஏஜென்சிகளுக்கு இது பெரும்பாலும் திறக்காது. கூட்டுறவுச் சங்கங்கள் தொடர்பான 2013ஆம் ஆண்டு வழக்கில், பதிவாளரின் மேற்பார்வை இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டாவது கதவுதான் நமக்குப் பயன்படும். 2ஆவது பிரிவில் 'தகவல்' என்பதன் விளக்கத்திலேயே, வேறு எந்தச் சட்டத்தின் வழியாகவும் அரசு அலுவலகம் பெறக்கூடிய தனியார் அமைப்பின் தகவலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்த நகல், டெண்டர் நிபந்தனை, மாதப் பில், வருகைப் பதிவேடு, அபராதம் பிடித்த உத்தரவு எல்லாம் அரசு அலுவலகத்தின் கோப்பிலேயே இருப்பவை. எனவே ஏஜென்சியைக் கேட்காதீர்கள், அலுவலகத்தைக் கேளுங்கள். 'ஏன்' என்று கேட்காமல் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று 8ஆவது பிரிவைக் காட்டினால், பொதுநலன் அதைவிடப் பெரியதாக இருக்கும்போது தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். பொதுப்பணத்தில் எத்தனை பேருக்குக் கூலி போகிறது என்பது யாருடைய வணிக ரகசியமும் ஆகாது.

10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில், பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஆவணங்களை நேரில் பார்வையிடும் உரிமையும் உண்டு. அதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். ஒரு முறை ஓர் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்வையிட்டபோது, ஒரு பக்கம் முழுக்கக் கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. நகலில் மையின் நிறம் தெரிந்திருக்காது.

சரி, பெரிய கம்பெனியோட கணக்கை யார் பாக்குறது? சி.ஏ.ஜி. வருவாரா?

சில நேரம் வருவார். அலைக்கற்றை நாட்டின் பொதுச்சொத்து, அதிலிருந்து வரும் வருவாயில் அரசுக்குப் பங்கு உண்டு என்பதால் தனியார் தொலைபேசி நிறுவனங்களின் கணக்கையும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் பார்க்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே டெல்லியின் மூன்று தனியார் மின்விநியோக நிறுவனங்களைத் தணிக்கை செய்யச் சொன்ன உத்தரவை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வருவாய்ப் பங்கு, தணிக்கை உரிமை ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதி வைக்காவிட்டால், பின்னால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும்.

அரசு நடத்துனா மட்டும் ஒழுங்கா நடக்குதா? தனியார் வந்த பிறகுதானே பாஸ்போர்ட் சீக்கிரம் கிடைக்குது?

நியாயமான கேள்வி. பாஸ்போர்ட்டுக்காக விடியற்காலை வரிசையில் நின்ற காலம் எனக்கும் நினைவிருக்கிறது. 108 வண்டி வந்து என் அண்டை வீட்டாரின் உயிர் பிழைத்ததை நான் மறுக்க முடியாது. ஆனால் அந்த இரண்டிலும் செய்ய வேண்டிய வேலை அளக்கக்கூடியது: எத்தனை நிமிடத்தில் வண்டி வந்தது, எத்தனை நாளில் பாஸ்போர்ட் அச்சானது என்று எண்ணிவிடலாம். அளக்க முடியாத வேலையில்தான் ஒப்பந்தம் தடுமாறுகிறது. பாதுகாப்பு அப்படிப்பட்ட வேலை. எதுவும் நடக்காத நாளில் காவலர் நன்றாக வேலை செய்தாரா, வெறுமனே நின்றாரா என்பது தெரியாது. ஆகையால் குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் போகிறது. விலையைக் குறைக்கும் வழி ஆளையும் பயிற்சியையும் குறைப்பதுதான்.

வசதியான நாடுகளிலும் இதுதான் நடந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆள் தருவதாக ஒப்புக்கொண்ட ஜி4எஸ் நிறுவனம், போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது போதிய காவலர்களைத் தர முடியாது என்றது. பிரிட்டன் அரசு கூடுதலாக 3,500 ராணுவ வீரர்களை அழைக்க நேர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் சிறையிலிருந்து வெளிவந்தவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தைப் பணியில் ஒரு பகுதியை 2014இல் தனியாரிடம் கொடுத்தார்கள். 2021 ஜூனில் முழுவதையும் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது.

இ-சேவை மையத்துல ஆதார் நகலை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அது வெளியே போனா யார் பொறுப்பு?

சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர். மையத்தை நடத்துபவர் உங்கள் விண்ணப்பத்தைப் பதிவேற்றுபவர் மட்டுமே. 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கை, யாருக்காகத் தரவு சேகரிக்கப்படுகிறதோ அவரே பொறுப்பு, இடையில் வேறு ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது என்பதாகும். ஸ்கேன் செய்ததும் காகிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எங்க ஆளுக தொழிலுக்குப் போகும்போது, வெளிநாட்டுக் கப்பல்ல துப்பாக்கியோட நிக்கிறாங்க. அவங்க பட்டாளமா, கம்பெனி ஆளா? சுட்டா யாரைக் கேக்க?

தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் இது வெறும் ஐயமாக இருப்பதில்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால், 'செயின்ட் ஆண்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்கள் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் மாவட்டத்து இளைஞர். சுட்டவர்கள் இத்தாலியக் கடற்படையினர். ஆனால் அவர்கள் நின்றது ஒரு தனியார் வணிகக் கப்பலில். கடற்கொள்ளைக்கு எதிராகக் கப்பல் முதலாளிகள் செலவைக் கொடுத்து அரசின் வீரர்களை ஏற்றிக்கொள்ள இத்தாலி 2011இல் சட்டம் செய்திருந்தது. பணம் தனியாருடையது, துப்பாக்கி அரசுடையது. வழக்கு ஒன்பது ஆண்டுக்கு மேல் இழுத்தது. அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்று சர்வதேசத் தீர்ப்பாயம் 2020இல் கூறியது. இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என 10 கோடி ரூபாயை இத்தாலி கட்டிய பிறகு, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

மறுபக்கமும் நம் அருகிலேயே நடந்தது. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் 'சீமேன் கார்டு ஓகையோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்தது. சியரா லியோன் கொடி, அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் உடைமை. இந்தியர், பிரிட்டானியர், எஸ்தோனியர், உக்ரேனியர் என 35 பேர். துப்பாக்கிகளும் ஆயிரக்கணக்கான தோட்டாக்களும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. நான்காண்டு காலம் நம் ஊர்ச் சிறைகளிலும் விடுதிகளிலும் கிடந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். கப்பலை அனுப்பிய முதலாளி ஒருவர்கூட அந்தக் கூண்டில் நிற்கவில்லை.

நிலத்திலும் இதே கதைதான். 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 பொதுமக்கள் இறந்தார்கள். ஈராக்கியச் சட்டம் அவர்களைத் தொட முடியாதபடி முன்பே ஆணை போடப்பட்டிருந்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் நால்வர் 2014இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார்.

சம்பளமே வாங்காம போலீசுக்கு உதவி செய்றவங்க? அவங்களையும் சந்தேகப்படணுமா?

ஆளின் நல்ல மனத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு, 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பினர் மீதும் புகார் எழுந்தது. ஜூலையில் தமிழக அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. லத்தியைத் தொடுகிறவருக்குப் பணிப்பதிவேடு இருக்க வேண்டும். இல்லையென்றால் தவறு செய்தவரைப் பணியிடை நீக்கம் செய்யக்கூட வழி இருக்காது.

மணவாளக்குறிச்சி மணலை அரசு கம்பெனி எடுக்குது. தனியார் எடுத்தா என்ன கெட்டுப்போச்சு?

நம் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அணுசக்திக்குரிய பொருள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் தனியார் எடுத்துவந்ததை 2013இல் தமிழக அரசு நிறுத்தியது. 2019இல் மத்திய அரசு கடற்கரைக் கனிமங்களை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் ஒதுக்கியது. 2025 பிப்ரவரி 17 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தனியார் நிறுவனங்களிடமிருந்து 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் நடவடிக்கையை உறுதிசெய்து, சி.பி.ஐ. விசாரணைக்கும் உத்தரவிட்டது. அனுமதி கொடுத்தவரும் அளந்தவரும் எடுத்தவரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு பாடம் இல்லை.

அதற்காக, அரசு நிறுவனம் என்றால் கேள்வியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் இந்திய அரிய மணல் ஆலை மணல் எடுக்கத் திட்டமிட்டதற்குக் கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களின் அச்சத்துக்குப் பதில் சொல்லும் கடமை அந்த ஆலைக்கும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், அங்கே நாம் மேலே சொன்ன முதல் கதவைத் தட்ட முடியும்.

இதெல்லாம் இப்போ வந்த பழக்கமா? ராஜா காலத்துல இப்படி இருந்திருக்காதே?

ராஜா காலத்திலேயே இருந்தது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்த டச்சுக்காரர்கள், ஒரு நாட்டின் படையாக வந்தவர்கள் அல்லர். பங்குதாரர்களுக்கு லாபம் தர வேண்டிய ஒரு வணிகக் கம்பெனியின் படையினர். குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அறுபத்து நான்கு ஆண்டு கழித்து அதே திருவிதாங்கூர், இன்னொரு கம்பெனியிடம் தன் பாதுகாப்பையே ஒப்பந்தமாகக் கொடுத்தது. 1805 உடன்படிக்கைப்படி, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்காக ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பாக்கி சேர்ந்தது, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் அரசாட்சியிலேயே தலையிட்டார். அந்த உடன்படிக்கைக்குத் துணைநின்ற தளவாய் (ராஜாவின் முதன்மை அமைச்சர்), நம் தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பி, 1809 ஜனவரியில் குண்டறையில் கம்பெனிக்கு எதிராக அறிக்கை விட்டார். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டையைத் தாண்டி உள்ளே வந்தது, நாம் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு. அந்தக் கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர 1773இலும் 1784இலும் சட்டம் போட்ட பிரிட்டிஷ் பாராளுமன்றமே, 1858இல்தான் ஆட்சியை அதன் கையிலிருந்து முழுவதும் எடுத்தது.

கடைசியாக் கேக்கிறேன். மனுவை யார் பேருக்கு எழுதணும்?

வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட அரசு அலுவலகத்தின் தலைவர் பெயருக்கு. ஏஜென்சிக்கு நகல் மட்டும் போதும். நிகழ்ந்த நாள், நேரம், இடம், சட்டையில் உள்ள ஏஜென்சியின் பெயர், அடையாள அட்டை இருந்தால் எண், இல்லையென்றால் 'அட்டை இல்லை' என்ற செய்தி ஆகியவற்றை எழுதுங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அடித்தாலோ அடைத்து வைத்தாலோ முதலில் காவல் நிலையம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதலாம்; அங்கே 'காவலர் அடித்தார்' என்பதோடு, 'அதைத் தடுக்க வேண்டிய அலுவலர் தவறினார்' என்றும் எழுத வேண்டும், ஏனெனில் பொது ஊழியரின் அலட்சியத்தையும் விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பொதுக் கடமையைச் செய்யும் அமைப்பு அரசுடையதாக இல்லாவிட்டாலும் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2005இல் கிரிக்கெட் வாரிய வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு வழக்கறிஞர் தேவை.

தூக்குவாளியோடு வந்த அம்மாவின் மனுக்களையும் இப்படித்தான் எழுதினோம்: ஒன்று புகார், இன்னொன்று தகவல் கேட்டு. தகவல் மனுவுக்கு இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. ஒப்பந்த நகல் இருந்தது, பில்கள் இருந்தன; ஏஜென்சியின் உரிம எண்ணும் காவலர்களின் பயிற்சிச் சான்றும் இல்லை. அந்த இரண்டையும் கேட்டு முதல் மேல்முறையீடு போட்டிருக்கிறோம்.